பறவைகளுக்கென்று மிச்சம் வைத்த பதினான்கு படங்கள்

நித்திரையிலும் வாயோயாத என் ஜெசிந்தாவுக்கு,

நீ போய் இரண்டு மாதமும் சில நாட்களும் ஆகின்றன. பலேர்மோவில், கால்சாப் பகுதியில் நம் அறையில்தான் இன்னும் இருக்கிறேன். உன் கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். நான் வழக்கம்போல் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு நின்றேன். நீ இருந்திருந்தால் அவரைப் படிக்கட்டு வரைக்கும் துரத்தியிருப்பாய்.

லிபெர்த்தா வீதியில் நீ வேலை செய்த வீட்டு இத்தாலியப் பெண்மணியை, உன் சிஞ்ஞோராவை, இப்போது நான்தான் பார்க்கிறேன். அவர் என்னையும் "ஜாச்சிந்தா" என்றே கூப்பிடுகிறார். முதல் கிழமை திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த வீட்டில் உன் பெயர் ஒரு நாளைக்கு இருபது தரமாவது கேட்கிறது. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது, பொறுக்க முடியாமலும் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் ஆட்களின் மாதப் பத்திரிகையில் போடக் கேட்டார்கள். எல்லாரும் வாசிப்பார்கள் என்று நினைக்கக் கை கூசுகிறது. ஆனாலும் உனக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உன் கமராவைப் பற்றியது.

உன் செத்தவீட்டுப் படங்களை, உன் அம்மாவை மாமி என்று கூப்பிடுகிற உங்கள் ஊர் யூட் அண்ணை கொழும்புக்கு அனுப்பினார். நம் ஆட்களின் முறைதானே அது. பெட்டிக்கு இரண்டு பக்கமும் எல்லாரும் வரிசையாக நின்று, அழுத கண்ணோடு கமராவைப் பார்த்து எடுத்த படங்கள். வர முடியாதவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக எடுப்பவை. பங்குனி முடிவில் உன் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. யூட் அண்ணைக்கு எழுதவில்லை, எனக்கு எழுதியிருந்தா. "கண் மூடின படமெல்லாம் கிடைச்சுது பிள்ளை. அதுகளை என்னாலை பாக்கேலாது. கண் திறந்த படம் ஒண்டு இருந்தா அனுப்புவியோ?"

அவ்வளவுதான் கடிதம். ஒரு பக்கம்கூட இல்லை.

நான் தேடாத இடம் இல்லை, ஜெசிந்தா. நீ முன்பு ஊருக்கு அனுப்பிய படங்கள், அம்மா மன்னாரை விட்டு வெளிக்கிடும்போது வீட்டோடு போய்விட்டன என்று உனக்கே தெரியும். இங்கே வதிவிட அனுமதிக்கு, பெர்மெஸ்ஸோவுக்கு எடுத்த படம் இருந்தது. அதில் நீ குவெஸ்தூராப் பொலிஸ்காரனோடு சண்டைக்குப் போகிற முகத்தோடு இருக்கிறாய். யூட் அண்ணையின் கலியாண அல்பத்தில் கேக்குக்குப் பின்னால் உன் பாதி முகமும் ஒரு காதும் இருக்கின்றன. கமரா வந்த பிறகு எல்லாப் படத்தையும் நீதான் எடுத்தாய். எடுக்கிறவளை யார் எடுப்பது?

நான் எடுத்தேன். ஒரே ஒரு படம். கிறிஸ்மஸ் அன்று பூசைக்குப் போகுமுன், அறை வாசலில், மெரூன் சீலையோடு. அது கமராவுக்குள் இருந்தது.

ஏன் உடனே கழுவக் கொடுக்கவில்லை என்று நீ கேட்க மாட்டாய். பாதி ஓடிய பட றோலை நம்மில் யாராவது கழுவக் கொடுத்ததுண்டா? ஒரு றோலில் கிறிஸ்மஸ், ஞானஸ்நானம், பிறந்தநாள் எல்லாம் ஏறி, முப்பத்தாறும் முடிந்த பிறகுதான் அது கடைக்குப் போகும். அதோடு, இலக்கம் இருபத்திரண்டில் வந்து நின்றதும் நீ கமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டியது எனக்கு ஞாபகம். "மிச்சம் பதினாலும் பறவைக்கு. ஆரும் தொட்டா கை முறிப்பன்."

எல்லாம் உன் அண்ணையால் வந்த வேலை. அவுஸ்திரேலியாவிலிருந்து அவர் அனுப்பிய அந்தத் தடித்த கடிதம். மெல்பேணுக்கு வெளியே ஏதோ சதுப்பு நிலத்தில் ஒரு நாள் முழுக்க நின்று எடுத்த படங்கள். கறுப்பு அன்னங்கள், கூழைக்கடாக்கள், கரண்டி மூக்கோடு ஒரு வெள்ளைப் பறவை. தனக்குப் புதுக் கமரா வாங்கிக்கொண்டு பழையதை உனக்கு அனுப்பியிருந்தார். நீ அந்தப் படங்களைக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்து என்னிடம் பெயர் கேட்டாய்.

"கம்பஸ்காரி, விலங்கியல் படிச்சனி தானே. சொல்லு பாப்பம்."

சொன்னேன். எல்லாம் புத்தகத்தில் பார்த்த பெயர்கள். வெளிக்களப் பயிற்சிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் றோட்டுப் பூட்டு, இல்லாவிட்டால் ஷெல்லடி. என் வீட்டில் முதல் பட்டதாரி நான். உயிரோடு ஒரு பூநாரையைக் கண்டதில்லை என்று சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "த்ராப்பானி உப்பளத்துக்கு வருதாம். பாஸ்கு முடிஞ்ச திங்கள் போவம். உனக்கு நான் காட்டுறன். அண்ணைக்கும் படம் அனுப்புறன்."

மாசியில் தலையிடி என்று படுத்தாய். மூன்று நாள்.

உன் அம்மாவின் கடிதத்துக்குப் பிறகு நான் முடிவெடுத்தேன். பதினான்கையும் நீ சொன்னபடி பறவைகளுக்கே முடித்து, றோலைக் கழுவி, அந்த வாசல் படத்தைப் பெரிதாக்கி அம்மாவுக்கு அனுப்புவது. அவவுக்கு உடனே எழுதிப் போட்டேன். படம் இருக்கிறது, பாஸ்குவுக்கு அடுத்த ஞாயிறு தொலைபேசி எடுத்துச் சொல்கிறேன் என்று. இருக்கிறது என்றே எழுதினேன், ஜெசிந்தா.

ஈஸ்டருக்கு அடுத்த நாளான பாஸ்குவேத்தா அன்று யூட் அண்ணையும் அவர் மனைவி மெற்றில்டா அக்காவும் தங்கள் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். பலேர்மோ முழுக்க இறைச்சி வாட்டக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கட்லட்டும் பாணும் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனோம். யூட் அண்ணை வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டே வந்தார். துறைமுக வேலையில் அவருக்கு அபூர்வமாகக் கிடைத்த லீவு நாள் அது.

உப்பளத்தில் காற்று. நீ இருந்திருந்தால் உன் தலைமயிர் சாவகச்சேரி வரைக்கும் பறந்திருக்கும். சதுரம் சதுரமாகத் தண்ணீர், சிலது வெள்ளை, சிலது இளஞ்சிவப்பு, கரையில் பழைய காற்றாலைகள். முதலில் என் கண்ணில் எதுவும் படவில்லை. பிறகு தூரத்தில் கிடந்த ஒரு வெளிறிய கோடு அசைந்தது. அது முழுக்கப் பறவைகள்.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவ்வளவு நீளக் கழுத்தைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே மெல்ல வட்டமாகச் சுற்றின. புத்தகத்தில் அலகின் குறுக்குவெட்டு முகம் கீறியிருந்தது. இந்தக் காலாட்டம் இருக்கவில்லை.

யூட் அண்ணை கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"உது எங்கட மன்னார்ப் பூநாரை தானே? உதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் கார் ஓடினனான்? வங்காலைப் பக்கம் சைக்கிள்ள போனா காலடியில நிக்கும்."

"அப்ப வங்காலைக்கு ஓடுங்கோவன்," என்றா மெற்றில்டா அக்கா. "வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. பிள்ளை படம் எடுக்கட்டும்."

நான் எடுத்தேன். இருபத்துமூன்று, இருபத்துநான்கு. ஒவ்வொன்றையும் யோசித்து, மூச்சைப் பிடித்து எடுத்தேன். வாய்க்கால் ஓரத்தில் நெடுங்கால் உள்ளான் ஒரு சோடி நின்றது, சிவப்பு நூல் போன்ற காலோடு. மேல் நோக்கி வளைந்த அலகோடு கோணமூக்கு உள்ளான் ஒன்று தண்ணீரை இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டு போனது. நான் பெயர்களைச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. மெற்றில்டா அக்கா திரும்பிப் பார்த்து, "நீ இவ்வளவு கதைப்பியோ?" என்று கேட்டா.

சற்றுத் தள்ளி ஒரு கிழவர் முக்காலி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பச்சைத் தொப்பி, கையளவு நீளமான லென்ஸ். என் கமராவைப் பார்த்துவிட்டு, "சிஞ்ஞொரீனா, இந்தச் சின்ன லென்ஸில் பூநாரை அரிசிமணி போலத்தான் விழும்," என்று இத்தாலியனில் சொன்னார். நான் தலையாட்டினேன். அரிசிமணி போதும். எனக்கு வேண்டிய படம் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

முப்பத்தாறு வந்தது. படத்தை நகர்த்துகிற நெம்பை இழுத்துப் பார்த்தேன். இன்னும் சுற்றியது.

"சில றோலில ரெண்டு மூண்டு கூட வரும்," என்றா மெற்றில்டா அக்கா.

இரண்டு எடுத்தேன். மூன்று எடுத்தேன். இன்னும் சுற்றியது. யூட் அண்ணைக்கு அந்த நாளில் முதல் முறையாகச் சந்தோஷம் வந்தது. "லாபமடா! என்னையும் ஒண்டு எடு. காத்தாலையோடை சேர்த்து எடு." வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போய் நின்றார். அவரை எடுத்தேன். இருவரையும் சேர்த்து எடுத்தேன். ஆறாவது தரம் நெம்பை இழுத்தபோது பச்சைத் தொப்பிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

அவர் கிட்ட வந்தார். கமராவைத் தொடவில்லை. "இன்னொரு முறை சுற்றுங்கள்," என்றார். சுற்றினேன். இடது பக்கம் மேலே, றோலைத் திருப்பிச் சுற்றுகிற சின்னக் கைப்பிடியை விரலால் காட்டினார். அது அசையவே இல்லை.

"படச்சுருள் கொழுவுப்படவில்லை, சிஞ்ஞொரீனா. தொடக்கத்திலிருந்தே."

நான் கமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். திறந்து பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது, "நோ" என்று கத்தினேன். பலேர்மோவுக்கு வந்த இத்தனை காலத்தில் நான் இத்தாலியனில் கத்தியது அதுதான் முதல் தரம். வெளிச்சம் பட்டால் நீ எரிந்துபோவாய் என்று நினைத்தேன். அவர், "பியானோ, பியானோ," மெல்ல மெல்ல, என்று சொல்லித் தன் கோட்டைக் கழற்றினார். அதற்குள் கமராவைச் சுற்றி, கைகளை மட்டும் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். அவருடைய முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறக்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

றோலின் நுனி நாக்கு சுருளுக்குள் போகாமல் வெளியே கிடந்தது. முப்பத்தாறும் புதிதாக, டப்பாவுக்குள் அப்படியே இருந்தன. கிறிஸ்மஸ் இல்லை. பூசை இல்லை. வாசலில் நீ இல்லை.

இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் கிறிஸ்மஸ் காலை நீ கட்டிலில் இருந்து றோலைப் போட்டாய். நான் உதவிக்கு வந்தபோது, "எனக்குத் தெரியும், விடு," என்றாய். உன் அண்ணை கமராவோடு அனுப்பிய ஆங்கிலப் புத்தகத்தை நான் முதல் நாளே முழுக்க வாசித்திருந்தேன். நெம்பைச் சுற்றும்போது மேலே உள்ள கைப்பிடியும் கூடச் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் திறந்து மறுபடி கொழுவு என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. நீ மூடிவிட்டுச் சுற்றினாய். கைப்பிடி சுற்றவில்லை. நான் பார்த்தேன், ஜெசிந்தா. சொல்ல வாய் வரை வந்தது. நீ நிமிர்ந்து, "எப்பிடி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை இந்தக் கமரா வேறு மாதிரியாக இருக்கும் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

ஒரு வசனம். அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன கேடு?

தொப்பிக்காரர் அதே றோலைத் திருப்பிக் கொழுவித் தந்தார். கைப்பிடி சுற்றுவதை எனக்குக் காட்டினார். என்ன படம் அதில் இருந்தது என்று கேட்டார். "என் சிநேகிதி," என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு தன் முக்காலிக்குப் போய்விட்டார்.

நான் கரையில் இருந்து அழுதேன். பூநாரைகள் மேய்ந்துகொண்டே இருந்தன.

திரும்பி வரும் வழியில் அல்கமோ ஊரைத் தாண்டிய பிறகு யூட் அண்ணை சொன்னார்: "மாமிக்கு ஸ்ரூடியோக்காரன் கழுவேக்கை பழுதாக்கிப்போட்டான் எண்டு சொல்லு. ஆர்மேலையும் பழி இல்லை."

"ஸ்ரூடியோக்காரன்மேலை?" என்றா மெற்றில்டா அக்கா.

"அவன் ஆரெண்டு மாமிக்குத் தெரியவோ போகுது? செத்தவள்மேலை பிழை சொல்லுறதே?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதைச் சொன்னால் உன் பிழையும் மறையும், என் பிழையும் மறையும். அந்தக் கிழமை முழுக்க, சிஞ்ஞோராவின் வீட்டில் தட்டுக் கழுவும்போதும் கட்டில் விரிக்கும்போதும், ஸ்ரூடியோக்காரன் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன்.

ஞாயிறு மத்தியானம் ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குப் போனோம். கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் உன் அம்மா இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் போன் இருக்கிறது. அவ காலையிலிருந்தே அங்கே போய்க் காத்திருந்தாவாம். யூட் அண்ணை கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றார்.

"ஆரு, கம்பஸ் பிள்ளையோ?"

"ஓம் அம்மா. தர்சினி கதைக்கிறன்."

"சுகமா இருக்கிறியோ? சாப்பிட்டியோ? படம் கழுவியாச்சோ?" மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டா. உன் குரல்தான் அது. யாரும் எனக்கு முன்னமே சொல்லியிருக்கவில்லை.

பாடமாக்கியது வாயில் வரவில்லை.

"படம் விழேல்லை அம்மா."

"என்ன?"

"றோல் கொழுவுப்படேல்லை. ஒரு படமும் விழேல்லை. வெறும் றோல்."

"ஆர் கொழுவினது?"

யூட் அண்ணை கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

"ஜெசிந்தா. ஆனா நான் பாத்தனான் அம்மா. பிழையெண்டு எனக்குத் தெரிஞ்சது. நான் சொல்லேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தொலைபேசியில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறா என்று நினைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அது பெரிதாகிக்கொண்டு வந்தது. ஜெசிந்தா, உன் அம்மா சிரித்துக்கொண்டிருந்தா.

"என்ர ஆண்டவரே! கொழுவாமலே நத்தார் முழுக்கப் படம் எடுத்தவளோ?"

"இருபத்திரண்டு, அம்மா."

"எல்லாரையும் நிப்பாட்டி வைச்சோ?"

"ஓம். பூசை வைச்ச சுவாமியைக்கூட ரெண்டு தரம் நிக்கச் சொன்னவள்."

அவவுக்கு மூச்சு வரவில்லை. "பிள்ளை, உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். பன்ரெண்டு வயசில என்ர தையல் மெசினில நூல் கோக்காமல் ஒரு கவுண் முழுக்கத் தைச்சவள். விடிய இருந்து மத்தியானம் மட்டும். நான் கிட்டப் போனா, எனக்குத் தெரியும், விடுங்கோ எண்டவள். எடுத்து உதறேக்கை ரெண்டு துண்டா விழுந்துது."

நானும் சிரித்துவிட்டேன். யூட் அண்ணை கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்," என்றா அம்மா. அப்போதுதான் அவவின் குரல் உடைந்தது. பிறகு மெல்லக் கேட்டா: "அவளை எடுத்த படம், அது நீ எடுத்ததோ?"

"ஓம்."

"அப்ப நீ அந்த ஓட்டைக்குள்ளாலை பாத்தனி தானே. சொல்லு. எப்பிடி நிண்டவள்?"

எனக்கு விவரிக்கத் தெரியாது என்று நீ எப்போதும் சொல்வாய். ஆனாலும் சொன்னேன். மெரூன் சீலை. கரை கொஞ்சம் கோணல், அவசரத்தில் உடுத்தது. காலில் வீட்டுச் செருப்பு, சப்பாத்து மாற்ற மறந்துவிட்டாய். ஒரு கை கதவில், மற்றக் கையில் கடித்து மிச்சம் வைத்த கேக்குத் துண்டு. அதை மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல் சிரித்தாய். "கெதியா எடடி, கேக்கு உருகுது," என்றாய். கேக்கு எங்கே உருகும்?

"கண்?" என்று கேட்டா அம்மா.

"நல்லாத் திறந்திருந்தது அம்மா. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவள்."

பக்கத்து வீட்டில் யாரோ குழந்தையை அதட்டுவது அங்கிருந்து கேட்டது. அட்டையில் காசு முடியப்போகிறது என்று தொலைபேசி கீச்சிட்டது. அம்மா அவசரமாகச் சொன்னா: "அடுத்த ஞாயிறும் எடு பிள்ளை. வேற ஒண்டு சொல்லு. அவள் அங்கை என்னென்ன செய்தவள் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. கடிதத்தில சுகம் எண்டு மட்டும்தான் எழுதிறவள்."

வெளியே வந்ததும் யூட் அண்ணை கோபமாக இருந்தார். "ஏன் சொன்னனி?" என்றார். பிறகு, "மாமி சிரிச்சவவோ?" என்றார். "ஓம்," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார்.

அன்று உப்பளத்தில் அழுது முடிந்ததும் எடுத்த ஒன்பது படம் இப்போது றோலில் இருக்கிறது, கைப்பிடி ஒவ்வொரு முறையும் சுற்றியது. எல்லாம் அரிசிமணிகள்தான். முடிந்ததும் உன் அண்ணைக்கு அனுப்புகிறேன், பெயர்களைப் பின்னால் எழுதி.

இப்போது நாளை மறுநாள் ஞாயிறுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குவெஸ்தூரா வரிசையில் நீ ஒரு பொலிஸ்காரனுக்குப் பேன் சீப்பு விற்க வெளிக்கிட்டதைச் சொல்லலாம். காய்ச்சலோடு நான் கிடந்தபோது நீ வேலைக்குப் போகாமல் என் தலைமாட்டில் இருந்து, இரண்டு நாளும் என்னைத் திட்டிக்கொண்டே கஞ்சி பருக்கியதைச் சொல்லலாம். நீ கோபக்காரி, பொய்க்காரி, மற்றவர்களின் சட்டையைக் கேட்காமல் போடுகிறவள் என்பதையும் சொல்வேன். ஒன்றையும் அழகாக்க மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று. எனக்கு வாய் வராத நாளிலும் எடுப்பேன். உன்னோடு இருந்த நான்கு வருஷத்தில் நான் கதைக்காமல் விட்டதெல்லாம் இன்னும் என்னிடம் கிடக்கிறது. அது அம்மாவுக்கு நெடுநாளைக்குப் போதும்.

மூன்று வயது மூத்தவளான உன்னை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடாத
உன் தங்கை,
தர்சினி
பலேர்மோ